மூக்கு வைத்த மண்கிண்ணம்

மண்ணுக்கடியில் கிடைத்த பழம்பொருட்களைச் சுத்தம் செய்து ஆராய்வது அக்காவின் வேலை. கார் ஷோரூமில் விற்பனையில் இருந்த தங்கை சரியான வாயாடி. "ஆள் செத்து ரெண்டாயிரம் வருஷமாவது ஆனாத்தான் எங்க அக்கா மதிப்பா" என்று சொல்லி வீட்டையே சிரிக்க வைப்பாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால், இந்த ஆராய்ச்சியால் இன்றைக்கு யாருக்கு என்ன லாபம் என்று மேலிடத்தில் கேட்டு, துறையைப் பாதியாகக் குறைத்த வருஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே வருஷம்தான் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து, ஒரு வாரம்கூட இருக்காமல் போய்விட்டது.

"மறந்துடும்மா, சின்ன வயசுதானே, இன்னொண்ணு பிறக்கும்" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புமுன்பே மாமியார் தொட்டிலை அப்புறப்படுத்திவிட்டார். கெட்ட எண்ணமில்லை, கண்ணில் படக்கூடாதே என்றுதான். வாயாடி வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஒரு மத்தியானம் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றாள். அக்கா அவசரமாக மேஜைமேல் இருந்ததைத் துணியால் மூடப் போனாள்.

"மூடாதே. என்ன அது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கைக்குழந்தையைப் புதைச்ச குழியில கிடைச்சதுடி. மூவாயிரம் வருஷம் இருக்கும்."

உள்ளங்கையில் அடங்கும் மண்கிண்ணம். ஓரத்தில் கூம்பாக ஒரு மூக்கு.

"அது எதுக்கு?"

"குழந்தை உறிஞ்சிக் குடிக்க. உள்ளே பால் இருந்த தடம் இருக்கு."

தங்கை குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தாள். "அந்தக் குழந்தையோட அம்மாவுக்கும் பால் கட்டியிருக்கும், இல்ல? எனக்கு நெஞ்செல்லாம் கல்லாட்டம் வலிச்சுது. யார்கிட்டயும் சொல்லல."

"இதை அந்த அம்மாதான் வச்சாங்கன்னு நிச்சயமா சொல்ல முடியாதுடி..."

"உன்னால முடியாது. எனக்குத் தெரியும்." பிறகு, "குழந்தை பேரு?" என்றாள்.

"தெரியாது. அந்த ஜனங்களுக்கு எழுத்து கிடையாது."

"நான் ஒரு பேரு நினைச்சு வச்சிருந்தேன்க்கா. ஒருத்தரும் கேக்கல."

"நான் கேக்கறேன். சொல்லு."

சொன்னாள். சொன்னதும் உடைந்து, வாய்விட்டு அழுதாள். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அதே பெயரை மறுபடி மறுபடி சொன்னாள்.

அடுத்த வாரம் தங்கை தன் கணவனை அழைத்து வந்தாள். குழந்தை போனதிலிருந்து வாயில் பூட்டுப் போட்டதுபோல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த மனிதன். குழி எவ்வளவு ஆழம், தலை எந்தப் பக்கம் என்று என்னென்னவோ கேட்டான். அக்கா தெரிந்ததைச் சொன்னாள். பிறகு தங்கையும் அவனும் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். முதலில் அவன் குரல்தான் கேட்டது. அக்கா விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தூரிகையை எடுத்தாள்.