தொள்ளாயிரத்து எழுபத்தேழாவது மணி

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்கள் பல்கலைக்கழகத்தில் இயந்திரங்களுக்குக் கால் முளைத்துவிடும். குழு எந்த லேபைப் பார்க்கப்போகிறதோ அந்த லேபுக்கு மற்ற லேபுகளிலிருந்து எல்லாம் போய்ச் சேரும். குழு காரில் ஏறியதும் திரும்பி வரும். ஆறு வருஷமாக இதைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஜூலை இருபத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு என் இயந்திரத்தைத் தூக்க ஆள் வந்தபோது சிரிப்பு வரவில்லை.

என் முனைவர் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உலையில் சூடாகும் உலோகக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு, ஆயிரம் மணி நேரத்தில் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கும் சோதனை. நடுவில் அசைத்தால் அத்தனையும் குப்பை. ஜூன் பத்தாம் தேதி மாலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். ஜூலை இருபத்திரண்டு காலை பத்து மணிக்கு ஆயிரம் நிறையும். மாதக் கடைசியோடு என் பதிவுக் காலமும் முடிகிறது. இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க நாள் கிடையாது.

தூக்கச் சொன்னவர் என் கைடு, துறைத் தலைவர் அறிவுமதி சார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. சேதராப்பட்டுக் கம்பெனிகளுக்குப் படித்த ஆள் வேண்டும், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்று இரண்டு வருஷம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். இருபது பிஎச்.டி. இடமும், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைநேர பி.டெக்கும் கேட்டிருந்தார். அன்று வரும் குழுதான் அதற்கு அனுமதி தர வேண்டும். அதற்காகவே ஜூலை ஒன்றாம் தேதி ஒரு புதிய லேபும் திறந்தாயிற்று. திறப்புத் தேதியோடு போர்டு மாட்டியிருந்தது. உள்ளே இயந்திரம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரே ஒரு நாள்தான், சோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் என்னைத் தூக்குங்கள், பிறகு இயந்திரத்தைத் தூக்குங்கள் என்று வாசலை மறித்து நின்றுவிட்டேன்.

வழி சொன்னவர் லேப் அட்டெண்டர் காத்தவராயன் அண்ணன். மில்லில் ஃபிட்டராக இருந்து, மில் மூடியதும் இங்கே வந்தவர். புதிய லேபும் இதே மாடியில்தான், நான்கு கதவு தள்ளி. மெஷினை எதற்கு நகர்த்த வேண்டும், போர்டைக் கழற்றி இந்தக் கதவில் மாட்டினால் போதாதா என்றார். சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அண்ணன் ஸ்க்ரூ முடுக்க, அவர் ஏறி நின்ற நாற்காலியைப் பிடித்துக்கொண்டது நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

அந்த மாலைநேர வகுப்பு அண்ணனுக்கும் வேண்டியிருந்தது. அவர் மகள் பாரதி டிப்ளமா முடித்துவிட்டுச் சேதராப்பட்டில் வேலை பார்க்கிறாள். இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டிக் காலை ஷிஃப்டுக்கு மாறியும்விட்டாள்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. தலைவர் டாக்டர் அமிர்தவல்லி உலோகவியல்காரர். மற்றவர்கள் ஏசி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் நேராக என் இயந்திரத்திடம் வந்தார். மணி காட்டும் எண்ணைப் பார்த்தார்: 977. முகம் மலர்ந்தது. பிறகு, இயந்திரத்தில் சணல் கயிற்றில் தொங்கிய நோட்டை எடுத்துப் பிரித்தார்.

அதில் இருந்த தேதிகள் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. காலை பத்து, மாலை ஆறு, தினமும் இரண்டு வேளை அண்ணன் அளவைப் படிப்பார், நான் எழுதுவேன், இரண்டு பேரும் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவோம். அன்று பத்து மணிக்கும் புதுப் போர்டுக்குக் கீழேயே நின்று அதைத்தான் செய்திருந்தோம். கை பழகிய வேலை என்பதால் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

"லேப் ஜூலை ஒண்ணாம் தேதிதான தொறந்தீங்க? இதுல ஜூன் பத்துலேர்ந்து ரீடிங் இருக்கே," என்றார் அமிர்தவல்லி.

"பழைய லேப்ல இருந்துச்சு மேடம். ஒண்ணாம் தேதி இங்க மாத்துனோம்," என்றார் சார், சட்டென்று.

அமிர்தவல்லி நோட்டை மூடவில்லை. "ஓடிக்கிட்டிருக்கும்போதே மாத்துனீங்களா? அப்ப இந்தப் பொண்ணோட டெஸ்ட் அன்னைக்கே செத்துப்போச்சு."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். அது அறிக்கையில் ஏறிவிட்டால் பிறகு யார் சொன்னாலும் அழியாது. நான் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். வாயைத் திறந்தால் பாரதியின் வகுப்பு போகும். திறக்காவிட்டால் என் ஆறு வருஷம் போகும். பேனா தாளைத் தொட்டது.

"மெஷின் நகரல மேடம்," என்றேன். "போர்டுதான் நகர்ந்துச்சு."

அமிர்தவல்லி இரண்டையும் எழுதிக்கொண்டார்: சோதனை சரியாக நடக்கிறது, புதிய லேப் என்று ஒன்று இல்லை. இயந்திரங்கள் வந்த பிறகு, அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். போர்டைக் கழற்ற அண்ணன் நாற்காலியைப் போட்டபோது பிடித்துக்கொள்ளப் போனேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

மறுநாள் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். அவர் கையெழுத்து இல்லாமல் கடைசி ரீடிங் செல்லாது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். எப்போதும்போல் குனிந்து அளவைப் படித்தார், நான் எழுதினேன், கையெழுத்துப் போட்டார். ஆயிரம்.

மன்னித்துவிடுங்கள் அண்ணே என்று தொடங்கினேன்.

"பாரதி கேட்டுச்சு, யாரு போட்டுக் குடுத்ததுன்னு," என்றார் அவர். "நான்தான்னு சொல்லிட்டேன். நேத்துலேர்ந்து எங்கிட்ட பேசல."

எடையை இறக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. அவரே இறக்கி வைத்தார்.