ஒரு ஸ்பூன் குறைகிறது

“பெரியப்பா, என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் குடுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பாடு போடும்போது, தலை சீவும்போது, எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதுகூட. நான் கேட்ட நேரத்தில் பெரியப்பா ஸ்டூல்மேல் ஏறி நின்று பந்தயத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். பல்லிடுக்கில் இரண்டு துண்டு செலோடேப் கடித்திருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் ஐஸ்க்ரீம் கடைக்குள் பதினேழு பேர் இருந்தோம். தையல்காரர் வீட்டில் ஐந்து பேர், மருந்துக்கடைக்காரர் வீட்டில் ஐந்து பேர், பெரியப்பா வீட்டில் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பின்னறையில் ஐஸ்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு துண்டை எடுத்து ஒட்டினார். இன்னொன்றையும் எடுத்து ஒட்டினார். தாள் நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம்தான் திரும்பினார்.

“இன்னிக்கு உன் ஐஸ்க்ரீம் ஜெயிச்சா, கப்புல போட்டு மேல செர்ரி வெச்சே தரேன்.”

கடை சிரித்தது. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், மேசையைத் தட்டினான். பெரியம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். “கேட்டுட்டல்ல. இப்ப உக்காரு,” என்றாள். குரலில் கோபம் இல்லை. பால் பொங்கி வழிந்த அடுப்பைத் துடைக்கும்போது இருக்கும் குரல் அது.

பெரியப்பா கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போனால் எனக்குச் சௌகரியம். ஆனால் அவர்தான் என் கல்லூரிக்குப் பணம் கட்டினார். விண்ணப்ப வரிசையில் எனக்குப் பதிலாக நான்கு மணி நேரம் வெயிலில் நின்றார். எங்கள் வீட்டில் படிப்பு முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று அழுதவர் அவர். அப்பா அன்றைக்குப் பால் லாரிக்காகக் கடையில் காத்திருந்தார். அன்று மாலையே பெரியப்பா சர்டிஃபிகேட்டைக் கலரில் நகல் எடுத்து, பிளாஸ்டிக் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். ஒரிஜினலைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்திரம், என்றார். நான் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் என்னையும் நகலையும் மாறி மாறிக் காட்டி, “எங்க வீட்டுப் பட்டதாரி” என்பார். போன வருடம் புது விலைப்பட்டியல் அடித்தபோது அதை மாட்ட வேறு ஆணி இல்லை. நகலின் ஆணியிலேயே மாட்டினார்கள். அது என் பெயரை மறைத்துக்கொண்டு தொங்குகிறது. பல்கலைக்கழகத்தின் முத்திரை மட்டும் கீழே தெரிகிறது.

வேறு ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளை, திங்கட்கிழமை காலை சேர வேண்டும். ஒரிஜினலைக் காட்ட வேண்டும். அங்கே அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண்மணியிடம் போனில் இழுத்து இழுத்துப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தொலைந்துவிட்டது என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தால் போதும், புதுசு வரும்வரை வேலை பார்க்கலாம் என்றார். படிவம் மடித்து என் பையில் இருந்தது. துணிமணிப் பெட்டியை நேற்றே சிநேகிதியிடம் கொடுத்தாகிவிட்டது. நாலரை மணிக்குப் பஸ். தொலையாத ஒன்றைத் தொலைந்தது என்று எழுத மனசு வரவில்லை. அது எந்தத் தட்டில், எந்தச் சேலைக்கு அடியில் இருக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

பந்தயம் வருடத்துக்கு ஒரு தடவை, கோடை தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம். எட்டு ஐஸ்க்ரீம், வீட்டுக்கு இரண்டு. இரண்டிரண்டாக மோத விட்டு, தோற்றதை அடித்துவிட்டு, ஜெயித்ததை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோவார்கள். சுவரில் ஒட்டிய தாளில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் ஒற்றைக் கோடாக முடியும். அதில் எழுதப்படும் பெயர்தான் ஒரு வருடத்துக்குக் கடைவாசல் போர்டில் இருக்கும். ஓட்டு என்பது ஸ்பூன்தான். தின்று முடித்ததும் ஒவ்வொருவராகக் கல்லாவுக்குப் பின்னால் போய், இரண்டு பாத்திரத்தில் ஒன்றில் ஸ்பூனைப் போட்டுவிட்டு வர வேண்டும். யார் எதில் போட்டார்கள் என்று தெரியாது. ஓட்டு நாக்குக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்று பெரியப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். தன் பிஸ்தாவுக்கு எதிராகத் தன் வீட்டு மருமகளே போட்டாலும் கவலையில்லை என்பார். கவலைப்பட வேண்டியிருந்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து போர்டில் பிஸ்தாதான்.

இந்த வருடம் எங்கள் வீட்டுப் பங்கில் ஒன்று வெனிலா, இன்னொன்று கருகின சர்க்கரை. பின்னது என்னுடையது. மழைக்காலத்தில் வியாபாரம் இல்லாத ஒரு நாள், அப்பாவும் நானும் பின்னறையில் சர்க்கரையைக் காய்ச்சினோம். பொன்னிறம் வந்ததும் நான் அடுப்பை அணைக்கப் போனேன். அப்பா என் கையைத் தடுத்தார். “இன்னும் கொஞ்சம் போகட்டும், பயப்படாத,” என்றார். புகை வந்தது. சர்க்கரை கறுத்தது. அதன்மேல் பாலை ஊற்றியபோது சட்டி சீறியது. ஆறியதும் தொட்டு நாக்கில் வைத்தோம். இனிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கசப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அப்பா இன்னொரு தடவை தொட்டுக்கொண்டார். அவர் ஒரு நாளும் எதையும் இரண்டாவது தடவை தொட்டு நான் பார்த்ததில்லை.

முதல் சுற்றில் என்னுடையது காபியை அடித்தது. பிஸ்தா எங்கள் வெனிலாவை அடித்தது. நடுவில் எல்லோரும் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, உப்பு பிஸ்கட் தின்று நாக்கைச் சரிசெய்துகொண்டார்கள். தையல்காரர் தன் நாக்குக்கு அளவெடுத்துத் தைத்தது எலுமிச்சைதான் என்று அடம்பிடித்துத் தோற்றார். அரையிறுதியில் கருகின சர்க்கரையும் மாம்பழமும். தையல்காரரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கப்பின் அடியைச் சுரண்டினார். பதினொன்றுக்கு ஆறு. நான்தான். தாளில் பைனல் கோட்டுக்குப் பக்கத்தில் என் ஐஸ்க்ரீமின் பெயரை எழுதும்போது பெரியப்பாவின் கை நின்றது. பேனாவை இரண்டு தடவை உதறினார். பேனாவில் மை இருந்தது.

அடுத்த அரையிறுதி பிஸ்தாவுக்கும் சாக்லேட்டுக்கும். சாக்லேட்டில் என் ஸ்பூன் இறங்கவில்லை. பிளாஸ்டிக் வளைந்தது. பிஸ்தாவோ வெண்ணெய் மாதிரி வந்தது. நான் இரண்டு கப்பையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொடுத்தால் எந்த ஐஸ்க்ரீமும் கல்தான். குளிர் மட்டும் தெரியும். நாக்கு மரத்துப்போகும். பத்து நிமிடம் வெளியே இருந்தால்தான் இனிப்பும் மணமும் இறங்கிவரும். இது ஏன் என்று நான் கல்லூரியில் மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பந்தயத்தில் ஐஸ்க்ரீமை எடுத்துப் பரிமாறுவது அப்பா. அவருக்கு மூடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். பதம் தெரிந்துவிடும். சாக்லேட் இத்தனை கல்லாக வெளியே வந்தது அப்பாவின் கவனக்குறைவாக இருக்க முடியாது. அவருக்கு அந்த வேலையில் கவனம் குறைந்ததே இல்லை.

பெரியப்பா பைனலுக்குப் பத்து நிமிடம் இடைவேளை விட்டார். எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் பின்னறைக்குப் போனேன்.

பிஸ்தா டப்பா மேசைமேல் மூடி இல்லாமல் இருந்தது. பக்கமெல்லாம் வேர்த்திருந்தது. கருகின சர்க்கரை மேசையில் இல்லை. பெட்டியைத் திறந்தேன். அடியில், மூடியில் வெள்ளைப் பனி படிந்து கிடந்தது. அப்பா கரண்டியை வெந்நீரில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தன வருஷமாப்பா?”

“மொதல் வருஷத்துலேர்ந்து,” என்றார். மறைக்கக்கூட இல்லை.

அவரே சொன்னார்.

“அவரு நாலு பேரு முன்னாடி தோத்துட்டா அந்த பீரோ தெறக்கவே தெறக்காது பாப்பா. ஜெயிச்சா மனசு எளகும். ரெண்டு நாள் போகட்டும். நானே கேக்கறேன்.”

“நாளைக்குச் சேரணும்.”

“ஒரு வாரம் தள்ளி வரேன்னு சொல்லு.”

“நீங்க அவர்கிட்ட ஒரு தடவையாவது எதையாவது கேட்டிருக்கீங்களா?”

அப்பா கரண்டியை எடுத்து உதறித் துணியில் துடைத்தார். “எல்லாத்துக்கும் ஒரு நேரம் வர வேணாமா?” என்றார். நாற்பது வயதிலோ முப்பது வயதிலோ சொல்லியிருந்தால் அது பதிலாக இருந்திருக்கும். அவருக்கு ஐம்பத்தெட்டு.

என் கை பெட்டிக்குள்தான் இருந்தது. டப்பாவைத் தூக்கி மேசையில் வைத்தால் போதும். இடைவேளையை இன்னும் பத்து நிமிடம் இழுக்க ஒரு பொய் போதும். அப்பா தடுத்திருக்க மாட்டார். அவர் யாரையும் தடுத்ததில்லை, அந்த மழைநாளில் என் கையைத் தவிர. விரல் பனியில் ஒட்டிக்கொண்டது. சுரீரென்றது, பிறகு அதுவும் இல்லை. என்னுடைய சர்டிஃபிகேட்டை ஒரு கப் ஐஸ்க்ரீமில் ஜெயித்து வாங்கி, செர்ரியோடு கையில் பிடித்து, எல்லோரும் கைதட்ட நான் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகும் நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். கையை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடினேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, தன்னுடையதுதான், ஆனால் வேறு யாருடையதோ மாதிரி. உள்ளே எல்லாம் அப்படி இருந்தது.

கல்லாவுக்கு வந்து படிவத்தைப் பிரித்தேன். எல்லாம் எழுதியாகிவிட்டது. எங்கே தொலைந்தது என்ற இடம் மட்டும் காலி. நூலில் கட்டியிருந்த பேனா எட்டவில்லை. படிவத்தை அதன் பக்கம் நகர்த்தி, ‘வீட்டில்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மடித்துப் பைக்குள் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர், இந்த அளவுக்கு நாக்கை மரத்துப்போக வைக்க என் கடையில் ஊசி வாங்க வந்தால் டாக்டர் சீட்டு கேட்பேன், இங்கே சும்மாவே கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அவர்கள் தங்கள் நாக்கை நம்பினார்கள்.

அப்பா இரண்டு தட்டுகளோடு வந்தார். பிஸ்தாவை முதலில் கொடுத்தார். அது கப்பில் பளபளவென்று குழைந்து உட்கார்ந்திருந்தது. அடுத்து என்னுடையது. செதுக்கி எடுத்த சில்லுகளாக இருந்தது. எனக்குக் கொடுக்கும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, கப்பைப் பார்த்தார். ஒரு சில்லை வாயில் போட்டேன். ஒன்றும் இல்லை. இனிப்பு இல்லை, கசப்பு இல்லை, வெறும் குளிர். தையல்காரரின் மனைவி முகத்தைச் சுளித்தார். அப்போது நன்றாக இருந்ததே என்று தன் கணவரிடம் முணுமுணுத்தார். தப்பு தன்மேல்தான் என்பதுபோல் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

ஒவ்வொருவராகக் கல்லாவுக்குப் பின்னால் போய் வந்தார்கள். ஸ்பூன் விழும் சத்தம் கேட்டது. அம்மா போனாள். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டு வந்தாள். அப்பா போனார். பிறகு பெரியப்பா இரண்டு பாத்திரத்தையும் தூக்கி வந்து மேசையில் கவிழ்த்து, உரக்க எண்ணினார். பிஸ்தா பன்னிரண்டு. கருகின சர்க்கரை நாலு. கைதட்டினார்கள். அண்ணன் விசில் அடித்தான். பெரியப்பா அப்பாவின் தோளில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் நடிப்பே இல்லை. வேலை ஒழுங்காக முடிந்த மனிதனின் சிரிப்பு.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். முகம் உண்மையாகவே இளகியிருந்தது. அப்பா சொன்னது சரிதான். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம், பட்டதாரி,” என்றார். “எங்க போயிடப் போற?”

நான் எழுந்தேன். பையைத் தோளில் மாட்டினேன். நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு ஆள் போகிற வழிதான். அதில் அம்மாவின் கால்கள் நீட்டியிருந்தன. அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். காலை மடக்கிக்கொண்டாள்.

“பன்னெண்டு, நாலு,” என்று பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது. “பதினாறுதானே ஆச்சு. பதினேழு பேரு. ஒரு ஸ்பூன் கொறையுதே.”

யாரோ மேசைக்கு அடியில் பாருங்கள் என்றார்கள். நாற்காலிகள் இழுபட்டன. நான் தோளால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு கையில் கப், வாயில் ஸ்பூன். வெயில் முகத்தில் அறைந்தது. பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. உள்ளே மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். கப்பின் ஓரத்தில், வெயில் பட்ட இடத்தில், சில்லுகள் கரைந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.