மத்தியானத்துச் சிவப்பு

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. திருவையாற்றில் இருக்கும் என் சித்தப்பா மகள் கவிப்ரியா ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னது. அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தலைப்பே வைத்துவிட்டேன். எழுதுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காவிரியின் நுரைபோல அவள் விரல்கள் விசைப்பலகையில்..."

(அடித்துவிட்டேன். "அப்ப ஆத்துல தண்ணியே வரலண்ணே" என்றாள் கவிப்ரியா.)

2

கவிப்ரியா சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஒரு நிரலில் யாராவது கை வைத்தால், அது இன்னும் ஒழுங்காக ஓடுகிறதா என்று தானாகச் சோதித்து, சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு காட்டும். இதற்குத் தமிழில் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்று பெயராம். கேட்டால் ரயில்வே இலாகா மாதிரி இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தும் யாரும் இந்த மென்பொருளையே திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தங்களையும் அதுவே சோதிக்கும். சோதனை ஓடுவது கவிப்ரியா வீட்டு மாடியில், ஒரு பழைய மடிக்கணினியில்.

(இங்கே நாற்றங்காலோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "கம்ப்யூட்டர்லயும் நாத்து முளைக்கணுமா உங்களுக்கு?" என்றாள். அதுவும் போயிற்று. நல்ல பக்கம்.)

3

பர்வின் நாகூரில் தன் வாப்பாவின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்பவர். மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரத்தில் நிரல் எழுதுவார். அவர் அனுப்பிய முதல் திருத்தம் சின்னது, ஆனால் உபயோகமானது. சோதனையின் நடுவில் இணையம் அறுந்தால் உடனே சிவப்பு காட்டாதே, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயன்று பார். அவ்வளவுதான்.

சோதனையில் சிவப்பு வந்தது. மறுநாள் மத்தியானம் மறுபடி அனுப்பினார். சிவப்பு. அதற்கடுத்த நாளும் சிவப்பு.

உலகமே பார்க்கும் பக்கத்தில் கவிப்ரியா எழுதினாள்: "சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பி எல்லோர் நேரத்தையும் வீணாக்காதீர்கள்." பர்வின், "ஓட்டிப் பார்த்தேன், பச்சைதான் வந்தது" என்றார். "இங்கே சிவப்பு" என்று எழுதி கவிப்ரியா பேச்சை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு பர்வின் அந்தப் பக்கம் வரவில்லை.

(முதல் படியில் 'கண்ணீர் மல்க' என்று சேர்த்திருந்தேன். பர்வின் அதை அடித்துவிட்டு, "நான் அழல. கோபம் வந்துச்சு" என்று எழுதியிருந்தார். ஆம், அவர் இதைப் படித்துவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.)

4

வயல் மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் அப்போது மத்தியானம்தான் வரும். யாரும் போய்ப் பொத்தானை அழுத்துவதில்லை. எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் ஊர் மோட்டார் அத்தனையும் ஒன்றாக இரையும், வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

ஒருநாள் சித்தப்பா கோவிந்தராசு கீழேயிருந்து, "த்ரீ பேஸ் வந்துடுச்சு" என்றார். மாடியில் தன் நிரல் ஒன்றைச் சோதனைக்கு விட்டிருந்த கவிப்ரியாவின் கண் தற்செயலாக மோடத்தின் மேல் இருந்தது. அது அணைந்து, மறுபடி எரிந்தது. மடிக்கணினி பேட்டரியில் பிழைத்துக்கொண்டது. இணையம் அறுந்தது. திரையில் சிவப்பு.

வெளிநாட்டுக்காரர்கள் நாம் தூங்கும்போது அனுப்புவார்கள். மத்தியானத்தில் அனுப்பியது பர்வின் ஒருவர்தான். கவிப்ரியா கீழே இறங்கி ஓடினாள்.

"அப்பா, நம்ம மோட்டார்தான் அந்தப் பொண்ண விரட்டியிருக்கு."

"மோட்டாருக்கு எழுதவா தெரியும்? எழுதினது நீதானே?" என்றார் சித்தப்பா, சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல்.

இணையம் அறுந்ததைத் தவறாக எண்ணாதே என்று சொல்ல வந்த திருத்தத்தை, இணையம் அறுந்ததாலேயே தள்ளியிருக்கிறாள். (இதை நான் கற்பனை செய்திருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன்.)

5

மறுநாள் காலையில் பர்வினின் திருத்தத்தை ஓட்டினாள். பச்சை. அதே பக்கத்தில், எல்லோரும் பார்க்க, எழுதினாள்: "தவறு என் வீட்டில் இருந்தது, உங்கள் நிரலில் இல்லை. நான் எழுதியதும் தவறு. மன்னித்துவிடுங்கள். இதை உங்கள் பெயரில் சேர்க்கலாமா?"

பதில் வரவில்லை. கேட்காமலே சேர்க்கக் கட்டற்ற மென்பொருளின் உரிமம் இடம் கொடுக்கிறது. அவள் சேர்க்கவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறாள்.

இங்கேதான் என் திறமையைக் காட்டலாம் என்று மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பர்வின் மன்னிக்கிறார். இன்னொன்றில் கவிப்ரியா நாகூருக்குப் பஸ் ஏறுகிறாள், தர்கா வாசலில் புறாக்கள் பறக்க இருவரும்... (வெட்கமாக இருக்கிறது.) மூன்றாவதில் பர்வின் போட்டிக்கு ஒரு மென்பொருள் எழுதிப் பழிவாங்குகிறார்.

போனில் படித்துக் காட்டினேன்.

"மூணுலயும் அவங்க என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்றீங்க. நானும் அதத்தாண்ணே பண்ணேன்," என்றாள் கவிப்ரியா. "அவங்ககிட்ட அனுப்பிக் கேளுங்க."

6

அனுப்பினேன். திரும்பி வந்தபோது மூன்று முடிவுகளின் மேலும் கோடு இழுக்கப்பட்டிருந்தது. கீழே பர்வின் எழுதியிருந்தார்: "அவங்க மன்னிப்பு கேட்டத அன்னிக்கே படிச்சிட்டேன். என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே இன்னும் தெரியல. உங்க கதைக்காக ஒண்ணு சொல்ல மாட்டேன். கதையில என் பேரு இருக்கட்டும்."

அவர் திருத்தங்கள் அத்தனையையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

நேற்று கவிப்ரியா கூப்பிட்டாள். "கடைசில என்ன ஆச்சுண்ணே?"

"படிச்சிட்டாங்களாம்."

 "படிச்சிட்டாங்களா," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த வரி என்னிடம் இல்லை. உங்களுக்கு ஒன்று தோன்றினால் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பர்வின் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.