வணக்கத்தோடு சேர்த்து நாற்பத்தொரு விநாடி

எங்கள் மபுட்சோ ஊர் ஜீன்ஸ் தொழிற்சாலையின் ஏழாவது லைனில் முப்பத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கிறார்கள். ஒருத்தி ஜிப் வைப்பாள், அடுத்தவள் பாக்கெட், அதற்கடுத்தவள் இடுப்புப் பட்டை. யாருடைய வேலைக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சோடு நின்று குறிப்பது என் வேலை. ஒருத்திக்கு ஐம்பது விநாடியும் பக்கத்தில் இருப்பவளுக்கு முப்பதும் என்றால், ஒருத்தியிடம் துணி மலையாகக் குவியும், இன்னொருத்தி நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலையைப் பிரித்து எல்லோருக்கும் ஒரே அளவாக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சட்டைப் பையில் பேனா குத்திக்கொள்ள அனுமதி.

மேனேஜர் காவோ தைவான்காரர். அவருக்கு ஒரே ஒரு விதி. ஒவ்வொருத்திக்கும் பத்து பீஸ் பார்க்க வேண்டும், பத்தையும் எழுத வேண்டும், எதையும் அடிக்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவன் பிடிக்காத எண்களை அடித்து அடித்து வேண்டியவர்களுக்கு வேலையைக் குறைத்துக் கொடுத்தான். நான் அப்படியில்லை. இதுவரை ஒரு பொய் எண் எழுதியதில்லை.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு மனிதர் பக்கத்தில் வந்து நின்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? வணக்கத்துக்கு லுமேலா, ஐயாவுக்கு ந்தாத்தே, அம்மாவுக்கு ம்மே என்று தைக்கிறவளே முந்திக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"லுமேலா, ந்தாத்தே லெபோனா. எப்படி இருக்கீங்க?"

"இருக்கோம், ம்மே. நீங்க?"

"இருக்கோம். மாடெல்லாம் எப்படி?"

"ஒண்ணு நொண்டுது."

"அடப் பாவமே. எந்தக் கால்?"

இதற்குள் ஒரு பீஸ் முடிந்திருக்கும். அடுத்த பீஸில் என் அம்மாவின் முழங்கால், அதற்கடுத்ததில் மழை. கை ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாட்டின் காலை விசாரிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானிக்கும். அவசர அவசரமாக விசாரிப்பது மரியாதையில்லை. கிட்டத்தட்ட எல்லோருக்கும் சராசரி நாற்பத்தொரு விநாடி வந்தது. பட்டை தைக்கும் ம்மே மசெச்சாபாவுக்கு மட்டும் ஐம்பத்துமூன்று. அவர் என் சித்தப்பாவின் ஆபரேஷனை ஆரம்பத்திலிருந்து கேட்டார். நான் நகர்ந்ததும் எல்லோரும் முப்பதில் முடிப்பார்கள், மிச்சத்தில் மூச்சு விட்டுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பார்த்ததைத்தான் எழுதினேன்.

பேசாதவள் ஒருத்திதான். பின்பாக்கெட் தைக்கும் கெனுவே. என் மனைவி. பேச்சு நின்று ஆறு வாரம்.

இந்த வேலை கிடைத்த புதிதில், பயிற்சிக்காக, வீட்டில் அவள் களி கிண்டுவதை நேரம் பார்த்தேன். முதலில் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பிறகு கீரை நறுக்கினால் நாலு நிமிஷம் மிச்சம் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவள் படித்தாள். அடுப்பை அணைத்தாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துப் போனவளை, புருஷன் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் அழைக்க வேண்டும். நான் போகவில்லை. கணக்கு சரியாக இருந்தது. சரியான கணக்குக்கு எதற்கு மன்னிப்பு என்று வீம்பாக இருந்தேன். களியை நானே கிண்டினேன், கட்டி கட்டியாக வந்தது.

அவள் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நிமிரவில்லை. பத்து பீஸும் இருபத்தொன்பது விநாடி. எழுதினேன். அந்தத் தாளில் இருந்த ஒரே உண்மையான எண் அதுதான்.

காவோ தாளைப் பார்த்தார். "இவளுக்குப் பன்னெண்டு விநாடி சும்மா கெடக்குது. பட்டைக்காரிக்குப் பன்னெண்டு அதிகம். அவ தைக்கிற தோல் லேபிளை இவகிட்ட மாத்து."

லேபிளுக்குச் சரியாகப் பன்னிரண்டு விநாடி. இரண்டு பேருக்கும் நாற்பத்தொன்று. தாளில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

திங்கட்கிழமை கெனுவேக்கு முன்னால் துணி குவிய ஆரம்பித்தது. அவளுக்கு அப்புறம் இருந்தவர்கள் நகத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். புதன்கிழமை அவள் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். கேட்டுக்கு வெளியே மகோயேன்யா மாவு உருண்டை பொரிக்கிற இடத்தில் என் காதுபடவே பேசினார்கள். "பொண்டாட்டி திரும்பி வரலேன்னு லேபிளை ஏத்திவிட்டாரு பாரு."

மசெச்சாபா என்னை ஓரமாக அழைத்தார். "எனக்கு அம்பத்திமூணு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும், ம்மே."

"வாயாடுனவளுக்கு வேலை குறைஞ்சுது. வாயத் தொறக்காதவளுக்கு ஏறுச்சு. நல்லா இருக்கு உங்க நியாயம். அவளுக்கும் பேசாம நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கலாம்ல?"

"பொய் எழுத மாட்டேன்."

நொண்டி மாட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்தக் கை போச்சுன்னா அவ வேலை போச்சு. அப்புறம் அவ உங்க வாசப்படி மிதிப்பான்னு நெனைக்காதீங்க."

எனக்குப் பயம் வந்தது. ஆறு வாரமாக அவள் வருவாள் என்றுதான் இருந்தேன். வராமலே இருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காவோவிடம் கேட்டு, அவளுக்கு மறுபடி நேரம் பார்க்கப் போனேன். பாக்கெட், லேபிள் இரண்டும் சேர்த்து முதல் பீஸ் நாற்பத்தொன்று. இரண்டாவதும் அதுவே. கையில் கட்டோடு ஒரு விநாடிகூட ஏறவிடாமல் தைத்தாள். எனக்குக் காட்டவே அப்படித் தைத்தாள்.

ஆறாவது பீஸில்தான் ஒன்று புரிந்தது. வருகிறவன்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முந்திக்கொண்டே இருந்ததில் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"லுமேலா, கெனுவே." நாற்பத்தொன்று.

"எப்படி இருக்கே?" நாற்பத்தொன்று.

"கை வலிக்குதா?" நாற்பத்தொன்று.

பத்தாவது பீஸை எடுத்தாள்.

"சுவத்துல ஒட்டுன தாளைக் கிழிச்சுட்டேன்" என்றேன். "நான் செஞ்சது தப்பு."

மெஷின் நின்றது. வாட்ச் ஓடியது.

"கீரைய ஏன் மொதல்ல நறுக்குறேன்னு தெரியுமா?"

"தெரியாது."

"வேலை விட்டு வந்து என் பக்கத்துல உக்காந்து பேசுவீங்க. தண்ணி கொதிச்சுட்டா களி கிண்டணும், கிண்டும்போது பேச முடியாது. அந்த நாலு நிமிஷம் அதுக்குத்தான். அதத்தான் நீங்க மிச்சம் புடிச்சீங்க."

அதோடு அவள் விடவில்லை. லேபிள், மணிக்கட்டு, அவள் அம்மா கேட்ட கேள்விகள், அவளை அழைக்க ஆறு வாரமாக அனுப்பாத என் சித்தப்பா, எல்லாம் வந்தது. ஏழாவது லைன் முழுக்கத் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை சித்தப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்று முடித்தாள். "வாட்சக் கழட்டி வெச்சுட்டு வாங்க." பிறகு அந்த பீஸைத் தைத்துத் தள்ளினாள்.

இருநூற்றைம்பத்தொரு விநாடி. எழுதினேன்.

"இது என்ன?" என்றார் காவோ.

"பத்தாவது பீஸ், சார்."

"அடிச்சுடலாமே."

"எதையும் அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

தாளில் எண்களைக் கூட்டினார். "சராசரி அறுபத்திரெண்டு. இவளுக்குத் தாங்காது. லேபிளைப் பழைய ஆள்கிட்டயே கொடு." லைனிலேயே வேகமான பெண்ணை மெதுவானவள் என்று குறித்துக்கொண்டார். மசெச்சாபா லேபிளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை மாமியார் உள்ளே அழைத்து உட்காரவைத்து, வீட்டில் காய்ச்சிய பீரைக் கொடுத்தார். என்னை வாசலில் நிற்கவைத்தார். உள்ளே சித்தப்பா தன் ஆபரேஷனைச் சொல்ல ஆரம்பித்தது கேட்டது. அது முடிந்து வேறு பேச்சும் முடிந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னால் சொல்ல முடியாது, கையில் வாட்ச் இல்லை.

கடைசியில் கெனுவே கதவைத் திறந்தாள். கையில் கீரையும் கத்தியும் இருந்தன.

"தண்ணி இன்னும் வெக்கல" என்றாள். "நேரமாகும்."

"ஆகட்டும்" என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.