பினியன் ஆட்டம்

வேனின் பின்பக்கம் உறுமுகிறது என்று தங்கை புருஷன் வந்து சொன்னபோதெல்லாம் மெக்கானிக் சிரித்தே அனுப்பியிருந்தார். ஓட்டிப் பார்க்காமலும் இல்லை. வெறும் வண்டியைத் தெருமுனை வரை கொண்டுபோய்த் திருப்பி வந்து, "பூனைக்குட்டி மாதிரி போகுது மாப்ள. நீங்க காதைத்தான் காட்டணும்" என்பார். பட்டறையே சிரிக்கும். மாப்பிள்ளையோ யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள். நிஜமாகவே காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் இரண்டு காதிலும் பஞ்சோடுதான் வண்டி ஓட்டினார்.

இன்று டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"சும்மா ஓட்டினா வராது மச்சான். லோடு இருந்தாத்தான் வரும். ஒரே ஒரு தடவை கூட வாங்க."

மறுக்க முடியாமல் மெக்கானிக் பின்னால் ஏறிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பாலம் ஏறும்வரை ஒன்றும் இல்லை. இறக்கத்தில் மாப்பிள்ளை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. மறுபடி மிதித்ததும் 'டக்' என்று ஓர் இடி. தரையில் ஊன்றியிருந்த உள்ளங்கையிலேயே அது தெரிந்தது.

"கேட்டுதா?" கண்ணாடியில் மாப்பிள்ளையின் கண்கள் கெஞ்சின.

"பட்டறைக்கு விடுங்க."

பெட்டிகளை இறக்கி, முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு மெக்கானிக் சாக்கை விரித்து உள்ளே போனார். எஞ்சின் பக்கமிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டைப் பிடித்துத் திருகினார். கொஞ்சம் சுற்றி ஆடியது. பல்சக்கரங்களின் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே அந்த இடைவெளி எல்லா வண்டியிலும் உண்டு. இணைப்புகளும் கெட்டி. கடைசியில், தண்டு பின் அச்சுக்குள் நுழைகிற இடத்தில், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கிற சின்னப் பல்சக்கரமான பினியனின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ஒரு மயிரிழைகூட அசையக் கூடாத இடம். அசைந்தது.

அங்கே எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஓர் ஆயில் சீல் உண்டு. போன மழைக்கு முன்னால் அதை மாற்றியவர் அவரேதான். சீலை மாற்ற, பினியனை இறுக்கியிருக்கிற நட்டைக் கழற்றும் முன் உளியால் ஒரு குறி போட வேண்டும். திரும்ப முறுக்கும்போது அதே இடத்தில் நிறுத்தினால்தான் உள்ளே இருக்கிற பேரிங் தாங்கும். அன்றைக்கு வாசலில் ஒரு பஸ்காரன் ஆரன் அடித்துக்கொண்டே நின்றான். இவர் கைக்கணக்கில் முறுக்கிவிட்டு எழுந்துவிட்டார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். நட்டில் உளிக் குறியாக ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன மச்சான், உள்ளேயே தூங்கிட்டீங்களா?"

"பினியன் ஆடுது மாப்ள."

"அப்போ சத்தம் நிஜமாவே இருக்கு?"

"இருக்கு."

மாப்பிள்ளை பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "ஏய், என் காதுக்கு ஒண்ணுமில்லடி! உங்கண்ணன் பிடிச்சுட்டாரு. அவரைத் தவிர யாரால முடியும்? இந்தா, பேசு."

கிரீஸ் கையோடு வெளியே வந்து மெக்கானிக் போனை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் ஒதுங்கினார்.

"அண்ணா, நீ நல்லா இருப்ப," என்றாள் தங்கை. "மனுஷன் ஒழுங்காச் சாப்பிட்டே நாளாச்சு. இல்லாத சத்தம் கேக்குற ஆளு வண்டி ஓட்டலாமாங்குறாரு. புள்ளைங்களை ஏத்தக்கூட பயந்தாரு. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுறேன்னு நேத்துக்கூட..."

"அந்த நட்டை முறுக்கினது நான்தாம்மா. குறி போடாம முறுக்கிட்டேன். கேலி வேற பண்ணினேன்."



"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பக்கத்துல நிக்கிற ஆளை விட்டுட்டு என்கிட்ட சொல்ற பாரு!" வைத்துவிட்டாள்.

திரும்பினால் மாப்பிள்ளையைக் காணோம். வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ மச்சான், எப்படி ஆடுது பாருங்க!" விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை மாதிரி குரல். "நான் சொன்னேன்ல!"

மெக்கானிக் குனிந்து, ஊர்ந்து, அவர் பக்கத்தில் மல்லாந்தார். முகத்தைப் பார்க்காமல் இருக்க அந்த இடம் வசதியாக இருந்தது. பிறகு அதுவும் தப்பு என்று பட்டு, தலையை அவர் பக்கம் திருப்பினார்.

"மாப்ள, போன தடவை இந்த சீலை மாத்தினப்போ நட்டைத் தப்பா முறுக்கினது நான்தான்..."

பினியனை ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது.