எல்லா வயதினருக்குமான அறை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, "எழுதுறதை விட்டுட்டு வேற எதாவது உருப்படியா செய்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பதில் சொல்ல இடம் தரவில்லை. அதனால் எழுதுகிறேன். அவள் சொன்னதற்கு நேர் எதிராக.

எனக்குப் பிழைப்பு விளம்பரக் கையேடு எழுதுவது. அடுக்குமாடி வீடு, பல் மருத்துவமனை, தண்ணீர் வடிகட்டி என்று எதைக் கொடுத்தாலும் எழுதுவேன். கதை எழுதுவது மிச்ச நேரத்தில். போன வருடம் ஒரு பள்ளியில் கட்டப்போகும் புதிய வகுப்பறைக்கு எழுதச் சொன்னார்கள். அறையை நான் பார்க்கவில்லை. பார்க்க அறையே அப்போது இல்லை. கணினியில் வரைந்த ஆறு படங்களை அனுப்பினார்கள். அவற்றைப் பார்த்துப் பன்னிரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தேன், யாரிடமும் சொல்லாமல் மறந்தும்விட்டேன்.

(பதினொரு வரிகள் இந்தக் கதைக்குத் தேவையில்லை. பன்னிரண்டாவது பின்னால் வரும். வரும்போது நீங்கள் என்னைத் திட்டலாம்.)

2

முதல் தொடக்கம்: 'அந்த அறைக்குள் நுழைந்ததும் பெரியவர்களும் குழந்தைகளாகி' — நிறுத்திவிட்டேன். கையேடு எழுதிப் பழகிய கை, மூக்கணாங்கயிறு இல்லாத மாடு மாதிரி தன் பாட்டுக்குப் போகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்குக் கண்' — வேண்டாம்.

பழைய அறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் நியாயம், அது இப்போது இல்லை என்பதால்.

அக்கா அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை, பள்ளியின் பின்பக்கச் சாமான் அறையில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். ஒன்பது வருடங்கள். மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து நீளமான மேசையும் கைப்பிடி வைத்த பதினொரு நாற்காலிகளும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கைப்பிடி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "முட்டிவலிக்காரங்க எதைப் புடிச்சு எந்திரிப்பாங்க, உன் தலையையா?" என்றாள். கரும்பலகையை உட்கார்ந்திருப்பவர்களின் கண் மட்டத்துக்கு இறக்கி மாட்டியிருந்தாள். வெள்ளெழுத்துக் கண்களுக்காக மேசைக்கு நேர் மேலே ஒரு குழல்விளக்கு. பிஸ்கட் டப்பா ஒன்றில் ஆறு மூக்குக்கண்ணாடிகள். யாருக்கு எது பொருந்துகிறதோ எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஜன்னல் பின்சுவரைப் பார்த்தபடி இருந்தது. கதவை உள்ளேயிருந்து சாத்தலாம்.

ஓர் அறையை வடிவமைப்பது என்றால் இதுதான். அவளுக்கு யாரும் விருது தரவில்லை. அவள் எதையும் வரையக்கூட இல்லை. வருகிறவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

3

இப்போது லிஃப்ட்காரர் வர வேண்டும். இவரை எழுத எனக்குத் தயக்கம். நல்லவராக எழுதினால் சிலை ஆகிவிடுவார். கோமாளியாக எழுதினால் அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள்.

ஐம்பத்தெட்டு வயது. ஆறடிக்கு மேல் உயரம். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் இயக்கியவர். குட்டை லிஃப்டுக்குள் நின்று நின்று, வெளியிலும் தலையைச் சாய்த்தே நடப்பார். (இது என் சரக்கு. அவர் நேராகத்தான் நடப்பார். அந்த வரியை அடித்துவிடுங்கள்.)

எண்கள் எல்லாம் தெரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்தபோது விண்ணப்பத்தை மைத்துனர் நிரப்பிக் கொடுத்தார். கடிதத்தை நீட்டி யாருக்கு வந்தது என்று யாராவது கேட்டால், "கண்ணாடி கொண்டு வரலைங்க" என்பார். இருபத்திரண்டு வருடம் கண்ணாடி கொண்டு வராமலே ஓட்டிவிட்டார்.

பிறகு, பழைய லிஃப்டை எடுத்துவிட்டுத் தானாக இயங்குவதை வைக்க முடிவு செய்தார்கள். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "உங்களை விட்டுட மாட்டோம். நாலு மாசம் கழிச்சு பராமரிப்பு ஆபீஸ்ல உக்காந்துக்குங்க. எந்த வீட்டுல என்ன ரிப்பேருன்னு நோட்டுல எழுதி வைக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் மாலையே அவர் அக்காவின் சாமான் அறை வாசலில் நின்றார்.

"கதவைச் சாத்திக்கலாமா டீச்சர்?"

"சாத்திக்கலாங்க. இங்க எல்லாரும் சாத்திட்டுத்தான் படிக்கிறோம்."

வேலைக்கு வேண்டிய சொற்களில் தொடங்கலாம் என்றாள் அக்கா. குழாய், விளக்கு, பழுது. அவர் ஒப்பவில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு எப்படியோ அப்படியே 'அ'லேருந்து வரிசையா வேணும் டீச்சர். குறுக்குவழில வந்தா நடுவுல எங்கயாவது மாட்டிக்குவேன்."

"அப்ப உங்க பேரை எழுதவே நாளாகுமே. 'ன்'ல முடியுது. அதுதான் கடைசி எழுத்து."

"ஆகட்டும். ஒவ்வொரு மாடியா நின்னு நின்னு போவோம்."

4

இரண்டு மாதத்தில் பகரம் தாண்டினார். பிறகு பள்ளிக்குப் பத்து நாள் விடுமுறை வந்தது. திரும்பி வந்தபோது சாமான் அறை இல்லை. இடித்துத் தரையைச் சமன் செய்திருந்தார்கள். மேசை, நாற்காலி, பலகை எல்லாம் பழைய சாமான் வண்டியில் போய்விட்டன. பிஸ்கட் டப்பாவும்.

அக்கா தலைமையாசிரியையிடம் ஓடினாள்.

"ஏன் பதறுறீங்க? உங்க வகுப்பும் இனிமே புது அறையிலதான். எல்லா வயசுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்காங்க. கையேட்டுலயே அச்சடிச்சிருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் நிர்வாகக் குழு பழைய அறை தேவையில்லன்னு முடிவெடுத்துச்சு."

(இந்த இடத்தை வேகமாகக் கடக்கிறேன். மேலே போவோம்.)

புது அறை. தரையில் பூவிதழ் வடிவத்தில் முக்காலிகள், ஓரடி உயரம், நகர்த்த முடியாதபடி திருகி வைக்கப்பட்டவை. கூரையிலிருந்து தொங்கும் முட்டை வடிவ இருக்கைகள். சரிவான மெத்தை. அண்ணாந்து பார்த்தால் பொன்மொழிகள். கழுத்து வலிக்காமல் படிக்க முடியாது. தெருவைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. விளக்குப் போட்டால் வெளியே நிற்பவர்களுக்கு மீன்தொட்டி.

முதல் மாலை பதினொரு பேரும் வந்தார்கள். தையல்காரம்மா முக்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்தார். மறுநாள் அவர் வரவில்லை.

லிஃப்ட்காரரின் முழங்கால் தோளுக்கு வந்தது. நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தார்.

"டீச்சர், கதவு?"

"கதவு இருக்குங்க. சுவர்தான் இல்ல."

அக்கா கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டினாள். காலையில் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினாள். "அறையோட அழகே போயிடுது டீச்சர், நாளைக்குப் பார்வையாளர்கள் வேற வர்றாங்க" என்றார் தலைமையாசிரியை.

5

நாலாவது மாலை. கரும்பலகையில் மகர வரிசை. தெருவில் போன ஏழாம் மாடிச் சிறுமி கண்ணாடியைத் தட்டி, "லிஃப்ட் தாத்தா!" என்று கத்தினாள். அவர் திரும்பினார். சிரித்தார். வேறென்ன செய்ய முடியும்? கையைக்கூட ஆட்டினார். சிறுமியின் அம்மா கைபேசியை எடுத்தாள்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. என் கோபத்துக்கு அவள் கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். உண்மையிலேயே நெகிழ்ந்துபோய்தான் குடியிருப்போர் குழுவில் படத்தைப் போட்டாள்: 'ஐம்பத்தெட்டு வயதில் அ, ஆ! நம் லிஃப்ட் அண்ணா நமக்கெல்லாம் உத்வேகம்!'

மறுநாள் மதியத்துக்குள் நூற்று நாற்பது இதயங்கள். அதில் ஒன்று மேலாளருடையது. இதயத்தைப் போட்ட பிறகுதான் அவருக்கு யோசனை வந்திருக்கிறது.

"உங்க மேல கோவம் இல்லைங்க. ஆனா எழுதத் தெரியாதுன்னா ஆபீஸ் வேலை எப்படி?"

"இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு சார். முடிச்சிருவேன்."

"நோட்டு எழுதுற வேலைங்க அது. தப்பாப் போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் அவரை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, அவருடைய ஆர்வத்துக்காக எல்லோரும் கைதட்டினார்கள். அதே கூட்டத்தில், அடுத்த தீர்மானமாக, பராமரிப்பு அலுவலக வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். லிஃப்ட்காரர் அப்போதும் அங்கேதான் நின்றிருக்கிறார். போகலாம் என்று யாரும் சொல்லவில்லையாம்.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. யாருமே வரவில்லை. மீன்தொட்டியில் அக்கா மட்டும் மூன்று மாலைகள் உட்கார்ந்திருந்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

6

"நீ வந்து பேசு. உனக்குத்தான் வார்த்தை வருமே" என்று அறையை வரைந்தவரிடம் அக்கா என்னைக் கூட்டிப் போனாள். போகும் வழியெல்லாம் வசனத்தைத் தீட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் நாற்பது வயதுப் பெண். கொண்டையில் பென்சில், செருப்பில் சிமெண்ட்.

"எல்லா வயசுக்கும்னு சொல்லிட்டு ஓரடி ஸ்டூல் போட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்று ஆரம்பித்தேன். 'ஏட்டுச் சுரைக்காய்' வரை வந்துவிட்டேன்.

அவர் வரைபடங்களை விரித்தார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எழுதியிருந்தது: மூன்று முதல் எட்டு வயது.

"எல்லா வயசுன்னு நாங்க சொல்லவே இல்லைங்களே. பெரியவங்க வருவாங்கன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. சொல்லியிருந்தா அந்தக் கண்ணாடியை வச்சிருக்கவே மாட்டேன்."

"ஒருநாள் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்திருந்தா யாரும் சொல்லவே வேண்டாமே" என்றாள் அக்கா.

அவர் விரித்த தாள்களைச் சுருட்டினார். பிறகு, "வந்திருக்கணும்" என்றார். மேசையிலிருந்த கையேட்டை எடுத்தார். "அந்த 'எல்லா வயசு' இதுல வந்தது. யாரோ எழுதிக் குடுத்தாங்க. படிச்சேன். நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

பன்னிரண்டாவது வரி: 'மூன்று வயது மழலை முதல் முதுமை வரை, எல்லா வயதினருக்கும் உத்வேகம் தரும் கற்றல் வெளி.'

அக்கா அதை மெதுவாகப் படித்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

"ம்."

"யாரு சொல்லி எழுதின?"

யாரும் சொல்லவில்லை. பதினொரு வரி முடிந்தபோது முடிவில் ஏதோ குறைந்தது. மூன்று, மழலை, முதல், முதுமை. காதுக்கு இதமாக இருந்தது. ஒரு மோனைக்காக எழுதினேன். அந்த மோனைக்காக ஓர் அறையை இடித்திருக்கிறார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலையில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

7

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வரைந்த பெண் வந்து கண்ணாடியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைக்கிறார். இன்னொன்றில் லிஃப்ட்காரர் 'ன்' வரை போய்த் தன் பெயரை எழுதுகிறார். வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டும் நன்றாக இருந்தன, நடக்கவில்லை.

நடந்தது இது. அவரைத் தேடிப் போனேன். ஒரு வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் வேலை செய்கிறார். வண்டி எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"நம்பர் மட்டும்தான் தம்பி. நமக்குத் தோதான வேலை" என்றார்.

நான் எழுதியதைச் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒரு வண்டியை வெளியே அனுப்பிவிட்டு வந்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, நல்லதாத்தானே எழுதினீங்க."

அவர் என்னை அறைந்திருந்தால் அன்று தூங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மைமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல்தான் — இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"தம்பி, மகரத்துல நிக்குது. இடம் கிடைச்சா டீச்சரைச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க."

இடம் கிடைக்கவில்லை. அதனால் முடிவு இல்லை. அதை உங்களிடம் விடுகிறேன். கற்பனை செய்யச் சொல்லி அல்ல. கற்பனை போதும். ஆறிலிருந்து எட்டு வரை சும்மா கிடக்கும் ஓர் அறை, தெருவுக்குத் தெரியாத மாதிரி, பதினொரு பேருக்கு. உங்கள் அலுவலகத்தில் இருக்கலாம், கடையின் பின்பக்கம் இருக்கலாம். இருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம். நான் உடனே அதை வர்ணிக்க ஆரம்பித்துவிடுவேன். சொல்வதற்கு முன்னால், அங்கே இருக்கும் நாற்காலி ஒன்றில் நீங்களே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஏதாவது எழுதிப் பாருங்கள்.