சற்குணம் கண் திறந்த கேசட்

காந்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவள் மேல் எனக்கு ஒரு நாள் வந்த கோபத்தையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முனையில் அவள் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். கைக்குக் கை செல்போன் வராத காலம். காலையிலும் ராத்திரியிலும் கூட்டம் அம்மும், பகலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, லைப்ரரிப் புத்தகத்தை மடியில் வைத்து வாசிப்பாள். டெலிபோன் பக்கத்தில் டேப் ரிக்கார்டர் ஓடும். எல்லாம் எனக்காகத்தான். நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த கதைப் பைத்தியங்கள். கல்யாணமாகித் தறியில் உட்கார்ந்ததும் என் கை, கால், கண் எல்லாம் தறிக்கே போய்விட்டன. காது மட்டும் சும்மா இருந்தது. அந்தக் காதைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள் காந்தா.

அவள் வாசிப்பில் நடிப்பே கிடையாது. கதையில் யார் அழுதாலும் இவள் குரல் அழாது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவாள், அழுவது நாம்தான். நடுவில் யாராவது போன் பேச வந்துவிட்டால், "இரு, ஆம்பூருக்கு லைன் கேக்கறாங்க" என்பதும் கேசட்டில் பதிவாகிவிடும். ஒரு ஜமீன் கதை, ஒரு ரயில்வே காலனிக் கதை, வரிசையாகத் துப்பறியும் கதைகள் என்று எவ்வளவோ கேட்டேன். துப்பறியும் கதை ஓடினால் கை தானாக வேகம் எடுக்கும். சோகக் கதை என்றால், அறுந்த இழைக்கு முடி போடக்கூட மனசு வராது. சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் டேப்பைக் கூடவே தூக்கிக்கொண்டு அலைவேன். கேட்டு முடித்த கேசட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதன் மேலேயே அடுத்ததைப் பதிந்து தருவாள்.

அந்த வருஷம் ஆடியில் என் வீட்டுக்காரர் பரசுராமனுக்கு நெஞ்சுவலி வந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உயிரோடு அனுப்பினார்கள். ஆறு மாதம் தறி மிதிக்கக் கூடாது, ஆனால் தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், மனசைத் தெம்பாக வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். நடக்கவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. சாப்பாட்டைக்கூட எனக்காகச் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார். ஆபரேஷன் காப்பாற்றிய ஆளை இந்தச் சுவர் கொண்டுபோய்விடுமோ என்று பயந்தேன்.

தறியில் தை மாதக் கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது. கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நடுவில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான ஊடுநூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அது வேலை பழகுகிற பிள்ளைகள் உட்காரும் இடம். நடுவில் நான் உட்கார்கிறேன், பக்கத்தில் வந்து உட்காரேன் என்று அவரிடம் ஒரு முறை கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் புண்ணியத்தில் வேலை நடந்தது.

ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தபோது அதில் ஒரு நாவல் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வீட்டுக்குப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. பாதியில் விட்டிருக்கிறார், மிச்சத்தைக் கேட்டாலாவது மனசு மாறட்டும் என்று காந்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கும் கதை வேண்டும், அதனால் முதலிலிருந்தே வாசி என்றேன்.

கடலோர ஊர் ஒன்றில் கலங்கரை விளக்கத்தில் வேலை செய்கிற சற்குணம் என்பவன் கதை அது. இருதயம் பலவீனமானவன். தினமும் அத்தனை படியும் ஏறி விளக்கைப் பார்த்தாக வேண்டும். முதல் கேசட்டில் அவன் பெயர் வந்ததுமே சுவர்ப் பக்கமிருந்து, "அத நிறுத்து" என்று குரல் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் நிறுத்துவேனா? வேலை செய்கிறவள் நான், எனக்குக் கதை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் போர்வையைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டார். மேலே மேலே கேசட்டுகள் வந்தன. அவர் போர்வையும் அப்படியே இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், சற்குணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் விழுகிற இடம் வந்தது. இவர் எழுந்துவிட்டார். நேராக டேப் பக்கம் வந்து பட்டன் மேல் விரலை வைத்தார். நிறுத்தப்போகிறார் என்று நான் வாயைத் திறப்பதற்குள் காந்தா குரல் ஒரு வினாடி நின்றது. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அதே கீரை ஆய்கிற குரலில், சற்குணம் கண்ணைத் திறந்தான் என்றாள். மேலே எரிகிற விளக்கைப் பார்த்தானாம், தண்ணீர் கேட்டானாம். இவர் விரல் பட்டன் மேலேயே இருந்தது, அமுக்கவில்லை. கேசட் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் அவரே எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டார். மறுநாள் காலையில் தில்லையம்மாள் வருவதற்கு முன்னால் வலப்பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தார். நான் பாட்டுக்கு நெய்ய ஆரம்பித்தேன். பேசினால் எழுந்துவிடுவாரோ என்று பயம்.

அதற்கப்புறம்தான் கதை களை கட்டியது. சற்குணம் இரண்டு ஆடு வாங்கினான். படியில் ஒரு திருப்பத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து இளைப்பாறி, மறுபடி விளக்கு வரைக்கும் ஏறினான். புளியமரத்துக்காகப் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டான், போஸ்ட்மாஸ்டர் பெண்ணுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பெரிதாக ஒன்றும் நடக்காது, ஆனால் அடுத்த நாள் என்ன செய்வான் என்று தெரியாமல் இருக்க முடியாது. ஒருவன் ஆடு மேய்ப்பதை இவ்வளவு ருசியாக எழுத முடியுமா என்று அந்த எழுத்தாளரைத் தெரு முழுக்கப் புகழ்ந்து தள்ளினேன். கடலோர ஊரில் சற்குணம் மந்தாரை இலையில் கோயில் இட்லி சாப்பிட்டபோது மட்டும் கொஞ்சம் இடித்தது. எழுதியவர் நம்ம ஊர்ப்பக்கம் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். முகூர்த்தப் புடவை இறங்கிக் கல்யாண வீட்டுக்குப் போனது. தறியில் அடுத்த பாவு ஏறியது. இவர் சாயங்காலம் கோயில் வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வர ஆரம்பித்தார்.

மாசியில் ஒரு நாள் புதுக் கேசட் வாங்கப் போனபோது காந்தா எதிர்க்கடையில் டீ சொல்லப் போயிருந்தாள். கூண்டுக்குள் கேசட்டும் அந்த நாவலும் இருந்தன. எனக்குப் பொறுமை ஏது? மேலே என்ன வருகிறது என்று புத்தகத்தைப் புரட்டினேன். ஆடு எங்கேயும் இல்லை. புளியமரம் இல்லை. மூலை மடித்த பக்கத்தைத் திறந்தேன். சற்குணம் படியில் விழுந்தான், விழுந்தவன் அங்கேயே செத்துப்போனான். அதற்கப்புறம் நாலைந்து தாள்தான், அதிலும் பிணத்தை எடுத்துப்போடுகிற காரியம். அந்த நாலைந்து தாளிலிருந்துதான் நாங்கள் மாதக்கணக்காகக் கதை கேட்டிருந்தோம்.

டீயோடு வந்தவளிடம் புத்தகத்தை நீட்டி, என்னை இப்படி முட்டாளாக்கிவிட்டாயே என்று கத்தினேன். பக்கம் புரளும் சத்தமெல்லாம் கேட்டதே என்றேன். டெலிபோன் டைரக்டரியைக் கண்ணால் காட்டினாள்.

"முகூர்த்தப் பொடவ தறியில ஏறி இருக்குது. சாவு வார்த்தைய எப்படி உன் வூட்டுக்குள்ள அனுப்பறது? பொடவ எறங்கற வரைக்கும் உசுரோட வெச்சிருந்துட்டு, அப்பறம் முடிச்சிடலாம்னுதான் பாத்தன்" என்றாள்.

எங்கள் வீடுகளில் அது உண்டு. முகூர்த்தப் புடவை நெய்கிற தறிகிட்ட அபசகுனமான பேச்சுப் பேச மாட்டோம். காந்தாவும் தறி வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் புடவை இறங்கி எவ்வளவு நாளாகிறது? அப்புறம் ஏன் முடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நீதான வந்து சொன்ன, அண்ணன் எழுந்து வந்து கோர்வைக்கு ஒக்காந்துட்டாருன்னு. அதுக்கப்பறம் எந்த வாயால அவன சாவடிக்கறது?"

என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. எழுதியவரைப் போய்ப் புகழ்ந்தேனே, புகழ வேண்டியவள் இதோ டீ கிளாஸோடு நிற்கிறாள். எழுதி வைத்துக்கொள்ளாமல், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், ஆம்பூருக்கும் திருத்தணிக்கும் லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டே ஒரு செத்த மனுஷனை இத்தனை நாள் வாழவைத்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் உடனே பயம் பிடித்துக்கொண்டது. இது என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால்? மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்?

மூலை மடித்திருந்த பக்கத்தின் மேல் காந்தா விரலை வைத்தாள். இதை யார் மடித்தது என்று நினைக்கிறாய் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கதையைப் பாதியில் விடவில்லை. நெஞ்சில் தையலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, சற்குணம் செத்தது வரைக்கும் படித்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடியிருக்கிறார். அதையே நான் வீட்டுக்குள் டேப்பில் ஓடவிட்டிருக்கிறேன். நிறுத்து என்று சொல்லியும் நிறுத்தவில்லை.

"அப்போ நீ இட்டுக்கட்டறது அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம என்னா? போன மாசம் நடந்துக்கினே இங்க வந்தாரு. ஒண்ணுமே கேக்கல. ஆடு குட்டி போடற கணக்கு தப்பா சொல்லிட்டன்னு திருத்திட்டுப் போனாரு."

கேசட்டை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன். அவர் தறிகிட்ட உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். கையில் கேசட் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. தெருவில் எல்லோருக்கும் முன்னால் நான் அந்த எழுத்தாளரைப் புகழ்ந்தபோதுகூடச் சும்மா இருந்தாரே இந்த மனுஷன்.

"அவன் செத்துட்டான்னு தெரியும் இல்ல உனக்கு? அப்பறம் எதுக்கு மாமா தெனமும் ஒக்காந்து கேட்ட?" என்றேன்.

அவர் நாடாவை எடுத்து விரலால் உருட்டினார்.

"சாவற வரைக்கும்தான் அந்தப் புஸ்தகத்துல இருக்குது. அதுக்கப்பறம் அவன் என்னா பண்ணுவான்னு காந்தாவுக்கே அன்னன்னிக்குத்தான் தெரியுது. அதத் தெரிஞ்சிக்கணும்னுதான் காலையில எழுந்துக்கறன், துர்கா."

நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேசட்டைப் போட்டேன். அன்றைக்குச் சற்குணத்தின் தங்கைக்குக் கல்யாணம்.